ஒரே பெயர், வேறு வாட்: வேலைக்கும் விளையாட்டுக்கும் ஏற்ற கேமிங் லேப்டாப்

கடந்த ஆண்டு என் அக்காள் மகனுக்குக் கணினி வாங்குவதற்காக திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குச் சென்றிருந்தோம். அங்கே அருகருகே வைக்கப்பட்டிருந்த இரண்டு மடிக்கணினிகளின் விலைச்சீட்டுகளிலும் ஒரே கிராபிக்ஸ் கார்டின் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஒன்றின் விலை மற்றதைவிட எட்டாயிரம் ரூபாய் குறைவு. சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவன், "மாமா, ரெண்டுலயும் அதே 4050தானே, வெல கொறஞ்சத எடுத்துக்கிடுவோம்" என்றான். நான் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, இதுல கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட்?" என்று கேட்டேன். "அத யாரும் கேட்டதில்ல சார், கம்பெனி சைட்ல பாத்துச் சொல்லுதேன்" என்றவர், பார்த்துச் சொன்னார். விலை குறைந்ததில் 55 வாட், மற்றதில் 95 வாட். விலைச்சீட்டில் இல்லாத அந்த எண்தான் எட்டாயிரம் ரூபாய் வேறுபாட்டின் பெரும்பகுதி. முதன்முறையாகக் கேமிங் லேப்டாப் வாங்குகிறவர்கள் அந்த எண்ணைப் புரிந்துகொண்டால், மற்றவற்றைத் தேர்ந்தெடுப்பது பெருமளவு எளிதாகிவிடும்.

சாதாரண மடிக்கணினியில் சிபியு எனப்படும் மையச் செயலி இருக்கும். கேமிங் லேப்டாப்பில் அதனுடன், தனக்கென்று தனி நினைவகம் கொண்ட ஜிபியு என்னும் கிராபிக்ஸ் சிப்பும், இரண்டின் சூட்டையும் வெளியே தள்ளும் பெரிய விசிறிகளும் இருக்கும். மையச் செயலி, தேர்ந்த கணக்குப்பிள்ளையைப் போன்றது. வெவ்வேறு வகையான சிக்கலான வேலைகளை விரைந்து முடிக்கும். ஜிபியு, பிசான நடவுக்கு வயலில் வரிசையாக இறங்கும் ஆட்களைப் போன்றது. ஒவ்வொருவரும் செய்வது ஒரே எளிய வேலைதான் என்றாலும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து நடுவதால் பொழுது சாய்வதற்குள் வயல் பச்சையாகிவிடுகிறது. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. விளையாடும்போது அவை ஒவ்வொன்றின் நிறத்தையும் நொடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ கணக்கிட்டாக வேண்டும். அதற்காகத்தான் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் சிப்பில் 2560 கணக்கிடும் கருக்களும் (கோர்), 4060இல் 3072 கருக்களும் வைக்கப்பட்டுள்ளன. கல்யாண வீடியோவுக்கு நிறத்திருத்தம் செய்வதும், கட்டப்போகும் வீட்டை முப்பரிமாணத்தில் காட்டுவதும் இதே வகைக் கணக்குகள்தான். விளையாட்டுக்காக வாங்கும் கருவி வேலைக்கும் உதவுவது இதனால்தான்.

இனி வாட்டுக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரே ஓர் ஏக்கர் வயல், கோடகன் கால்வாயின் தலைமடையில் இருந்தால் ஒரு விளைச்சல் தரும். கடைமடையில் இருந்தால் வேறு விளைச்சல் தரும். சிப்பின் பெயர் நிலத்தின் பரப்பைச் சொல்கிறது. அந்தச் சிப்புக்குக் கொடுக்கப்படும் மின்சாரம் கால்வாயில் வரும் தண்ணீர். தயாரிப்பு நிறுவனம் அந்த மின்சாரத்துக்கு வைக்கும் உச்ச வரம்பைத்தான் டோட்டல் கிராபிக்ஸ் பவர், சுருக்கமாக டிஜிபி, என்கிறார்கள். 4050, 4060 ஆகிய இரண்டு லேப்டாப் சிப்புகளையும் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள என்விடியா இடம் தருகிறது. 4 ஜிபி நினைவகம் கொண்ட 3050க்கு அந்த வரம்பு 35 முதல் 80 வாட் வரை. மெல்லிய, எடை குறைந்த கணினியைச் செய்யும் நிறுவனம் சூட்டுக்கு அஞ்சிக் குறைந்த வாட்டை வைக்கும். தடிமனான கணினியைச் செய்யும் நிறுவனம் கூடுதலாக வைக்கும். முன்பு குறைந்த வாட் சிப்புகளின் பெயருக்குப் பின்னால் 'மேக்ஸ்-க்யூ' என்ற அடையாளச் சொல் ஒட்டியிருந்தது. 2021இல் 3000 வரிசை மடிக்கணினிகள் வந்தபோது அந்த அடையாளம் பெயரிலிருந்து மறைந்துவிட்டது. அன்றிலிருந்து வாங்குபவர்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு சிறிதல்ல. 45 வாட்டில் ஓடும் 4060ஐ, 95 வாட்டில் ஓடும் 4050 முந்திவிடுவது உண்டு. பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர் குறைந்த வேகத்தைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்பதுதான் இதன் பொருள். அதற்காக வாட் கூடக்கூட வேகமும் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்துவிட வேண்டாம். 40 வாட்டிலிருந்து 80 வாட்டுக்குப் போகும்போது கிடைக்கும் ஏற்றம் பெரிது. 90, 100 வாட்டைக் கடந்த பிறகு இந்த இரண்டு சிப்புகளிலும் கிடைக்கும் ஏற்றம் மிகச் சிறிது. வயல் நிறைந்த பிறகு விடும் தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடுவதைப் போன்றது அது. ஆகவே 140 வாட் என்ற விளம்பரத்துக்காக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. 45 வாட்டை மலிவு என்று வாங்கவும் வேண்டாம். என் கணக்கில் 4050க்கு 75 வாட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்கள் அடிப்படை வாட்டையும், மையச் செயலி சும்மா இருக்கும்போது அதனிடமிருந்து கடன் வாங்கும் 'டைனமிக் பூஸ்ட்' வாட்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுகின்றன (115 வாட் வரம்புள்ள சிப்புக்கு 140 வாட் என்று விளம்பரம் வருவது இப்படித்தான்). சில நிறுவனங்கள் பிரித்து எழுதுகின்றன. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே முறையில் வைத்துப் பார்க்க வேண்டும். கடையில் கணினி இயங்கிக்கொண்டிருந்தால், என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியைத் திறந்தால் அந்தக் கணினியின் உச்ச வாட் அங்கேயே எழுதியிருக்கும்.

நம் ஊரைப் பொறுத்தவரை, வாட்டைப் பற்றிப் பேசினால் வெயிலைப் பற்றியும் பேசியாக வேண்டும். மடிக்கணினியின் உள்ளே குளிர்சாதனம் எதுவும் இல்லை. அது அறையில் உள்ள காற்றை உறிஞ்சி, சிப்பின் சூட்டை அதில் ஏற்றி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு சூட்டை வெளியேற்ற முடியும் என்பதைச் சிப்பின் வெப்பத்துக்கும் அறைக் காற்றின் வெப்பத்துக்கும் உள்ள இடைவெளி முடிவு செய்கிறது. மையச் செயலிகள் பொதுவாக 95 முதல் 100 டிகிரி செல்சியஸில் தங்கள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டப்பட்ட 25 டிகிரி அறையில் சோதித்து எழுதப்படும் விமர்சனங்களில் அந்த இடைவெளி 70 டிகிரி. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் மாடி வீட்டு அறை 38 டிகிரியில் இருந்தால் இடைவெளி 57 டிகிரிதான். அதே விசிறி, அதே வேகத்தில் சுழன்றாலும் ஐந்தில் ஒரு பங்கு சூட்டைக் குறைவாகத்தான் வெளியேற்றும். ஆகவே இணையத்தில் ஒருவர் "சூடு கட்டுக்குள் இருக்கிறது" என்று சொல்லும் கணினி, இங்கே மே மாதப் பிற்பகலில் திணறக்கூடும். நெல்லையில் வாங்குகிறவர் மெல்லிய, அழகான உடலைவிட, பின்புறமும் பக்கவாட்டிலும் அகலமான காற்றுவழிகளும் இரண்டு பெரிய விசிறிகளும் கொண்ட தடித்த கணினியை எடுப்பதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலான கேமிங் லேப்டாப்கள் அடிப்பக்கத்திலிருந்துதான் காற்றை உறிஞ்சுகின்றன. தரையில் விரித்த பத்தமடைப் பாயின் மேல் வைத்தால்கூட ரப்பர்க் கால்கள் சிறிது இடைவெளி கொடுக்கும். பஞ்சு மெத்தையின் மேல் வைத்தால் அந்த இடைவெளியும் அடைபட்டுப்போகும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு மரத்துண்டுகளால் சற்று உயர்த்திவிட்டாலே வெப்பம் சில டிகிரி குறையும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆடிக் காற்று கொண்டுவரும் தூசியை அந்தப் பக்கத்தார் நன்கு அறிவார்கள். அங்கே ஆண்டுக்கு இரண்டு முறையாவது விசிறிகளைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும் என்பதால், பயன்படுத்தாத நேரத்தில் பைக்குள் வைத்து மூடுவது நல்லது.

இப்போது எந்தச் சிப்பை வாங்குவது என்ற கேள்வி. ஏறத்தாழ அறுபதாயிரம் முதல் தொண்ணூறாயிரம் ரூபாய் வரையுள்ள இடத்தைத்தான் மலிவு என்று இங்கே கொள்கிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் துல்லியமாக எழுதுவதில் பயனில்லை. அந்த வரம்பின் அடியில் 2050, 3050 சிப்புகளும், மேலே 4050ம் கிடைத்துவந்தன. 2025 முதல் 5050ம் வந்துள்ளது. இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது சிப்பின் சொந்த நினைவகம். 2050இல் 4 ஜிபி, 3050இல் 4 அல்லது 6 ஜிபி, 4050இல் 6 ஜிபி, 5050இல் 8 ஜிபி இருக்கும். இந்த நினைவகத்தைப் பின்னால் கூட்டவே முடியாது. நான்கு ஆண்டுகள் வைத்துக்கொள்ளப் போகிற கணினியில் 4 ஜிபி என்பது, வாங்கிய நாளிலேயே பற்றாக்குறையோடு தொடங்குவதாகும். ஆகவே 6 ஜிபியைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் போதவில்லை என்றால், விளையாடுவது வேலரண்ட் போன்ற எளிய விளையாட்டுகள் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். அவற்றுக்கு ஏஎம்டி ரேடியான் 780எம் போன்ற, செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதுமானது. அத்தகைய கணினி எடையும் குறைவு, சூடும் குறைவு.

வேலை என்னும் பாதியைப் பலரும் "எல்லாத்துக்கும் ஓடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வேலைக்கு வேலை தேவை மாறுபடும். டேலியில் கணக்கு எழுதுவதற்குக் கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். ஆட்டோகேடில் இருபரிமாண வரைபடம் போடுகிறவருக்கு மையச் செயலியின் ஒற்றைக் கருவின் வேகம்தான் முக்கியம். அதே வரைபடத்தை ட்வின்மோஷன், லூமியன் போன்றவற்றில் வீடாக எழுப்பிக் காட்ட வேண்டுமானால் முழுச் சுமையும் ஜிபியு மேல் விழும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலிருந்தே மென்பொருள் எழுதி உலகுக்கு அனுப்பும் காலம் இது. அந்த வேலைக்கு நல்ல விசைப்பலகையும் 16 ஜிபி ரேமும் கிராபிக்ஸைவிட முக்கியம். அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டும் இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பதியும் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகளை வன்பொருளிலேயே விரித்துப் படிக்கும் வசதி இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் அதன் உள் கிராபிக்ஸில் இருக்கிறது. என்விடியாவில் அது 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே 4050 வாங்கும் வீடியோக்காரர், விளையாட்டுக்காரர்கள் விரும்பும் ஏஎம்டி செயலியைவிட இன்டெல் செயலியோடு சேர்ந்ததை எடுத்தால், டைம்லைனில் காட்சி தட்டுத்தடுமாறாமல் ஓடும்.

விலை குறைந்த கேமிங் லேப்டாப்களில் நிறுவனங்கள் முதலில் மிச்சம் பிடிப்பது திரையில்தான். விளம்பரத்தில் 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நொடிக்கு 60 முறை மாறும் திரையில் ஒரு காட்சி 16.7 மில்லி நொடிகள் நிற்கும். 144 முறை மாறும் திரையில் 6.9 மில்லி நொடிகள்தான் நிற்கும். விளையாட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கும் கைக்கும் தெரியும் என்பது உண்மை. ஆனால் அதே திரையின் விவரப் பட்டியலில் '45% என்டிஎஸ்சி' (நிற வரம்பை அளக்கும் ஓர் அளவுகோல்) என்று ஒரு சிறிய வரி இருந்தால், அது எஸ்ஆர்ஜிபி என்னும் பொது நிற வரம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக்கூடக் காட்டாத திரை. அரக்குப் பட்டு செங்கல் நிறமாகத் தெரியும். அதைத் திருத்துவதாக நினைத்து நிறத்தை ஏற்றி ஆல்பம் அச்சிட்டால், கல்யாண வீட்டார் கையில் புத்தகம் கிடைக்கும்போது சேலை தீப்பிடித்தது போல இருக்கும். இந்தத் தவறை நானே ஒரு முறை செய்து, முழு ஆல்பத்தையும் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். '100% எஸ்ஆர்ஜிபி' அல்லது '72% என்டிஎஸ்சி' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தால் நல்லது. மற்றபடி பிடித்த கணினியில் மங்கிய திரைதான் இருக்கிறது என்றால், விளையாட்டுக்கு அந்தத் திரையையும், நிற வேலைக்குத் தனியாக ஒரு நல்ல மானிட்டரையும் வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

எம்யூஎக்ஸ் ஸ்விட்ச் என்ற சொல்லும் கண்ணில் படும். பல மடிக்கணினிகளில் ஜிபியு வரைந்த காட்சி, செயலியின் உள் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்குப் போகும். இந்த ஸ்விட்ச் இருந்தால் நேராகப் போகும். வேகம் சற்றுக் கூடும். இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக மட்டும் ஒரு நல்ல கணினியை ஒதுக்க வேண்டியதில்லை.

ரேம் 16 ஜிபி வேண்டும். அது இரண்டு 8 ஜிபி துண்டுகளாக இருப்பது சிறப்பு, ஏனெனில் இரண்டு வழிகளிலும் தரவு ஓடும்போதுதான் செயலிக்கு முழு வேகம் கிடைக்கும். 8 ஜிபியோடு விற்கப்படும் கணினியில் காலி ஸ்லாட் ஒன்று இருந்தால் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். பலகையிலேயே பற்றவைத்த ரேம் என்றால் அதற்கு வழியில்லை. 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் என்பது விண்டோஸில் 476 ஜிபி என்றுதான் காட்டும். இன்றைய பெரிய விளையாட்டுகள் பல 100 ஜிபியைத் தாண்டுகின்றன; ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மட்டும் 150 ஜிபி கேட்கிறது. ஆகவே இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்த இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். செயலியைப் பொறுத்தவரை, பெயரின் முடிவில் எச் அல்லது எச்எஸ் இருக்கட்டும். யு என்று முடிவது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வகை. ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 7535இல் உள்ள 3 பழைய ஜென் 3+ வடிவமைப்பையும், 7640இல் உள்ள 4 புதிய ஜென் 4ஐயும் குறிக்கும்.

பேட்டரி குறித்து முன்பே மனதைத் தயார்செய்துகொள்வது நல்லது. 50 வாட்-மணி பேட்டரியை வைத்துக்கொண்டு 60 வாட் இழுக்கும் சிப்பில் விளையாடினால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. பேட்டரியில் இயங்கும்போது சிப்பின் வாட்டைக் கணினியே குறைத்தும் விடும். விளையாட்டு என்பது பிளக் போட்டுத்தான். எழுத்து வேலை, இணையம் என்றால் 12 வாட் அளவில் ஓடி நான்கு மணி நேரம் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் அரை நாள் வேலைக்கு அது போதும். இன்வெர்ட்டரில் மாட்டுகிறவர்கள், 180 வாட் அடாப்டர் இரண்டு மின்விசிறிகளுக்கு மேல் இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எப்போதும் மின்சாரத்தில் மாட்டியே வைத்திருப்பதானால், கணினியோடு வரும் ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை இயக்கிவிட்டால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 150 வாட்டில் நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட்தான். ஆனால் இலவச யூனிட் வரம்பை ஒட்டியே ஓடும் வீடுகளில் அது பில்லில் தெரியும். பெரிய அடாப்டர்களில் சில, தடித்த 16 ஆம்பியர் பிளக்கோடு வருவதும் உண்டு. படிக்கும் மேசைக்கு அருகே இருப்பது சிறிய சாக்கெட் என்றால் முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இத்தகைய கணினியின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ, அடாப்டர் அரைக் கிலோவுக்கு மேல். சேரன்மகாதேவியிலிருந்து நாள்தோறும் பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் நின்றுகொண்டு வரும் மாணவருக்கு அது தோளில் தெரியும் கனம். கணினி வீட்டைவிட்டு நகரவே போவதில்லை என்றால், அதே பணத்தில் மேசைக்கணினி கூடுதல் வேகமும், குறைந்த சூடும், பின்னாளில் பாகம் மாற்றும் வசதியும் தரும் என்பதை விற்பவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். வாரண்டியில் 'ஆன்சைட்' (வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பது) என்று இருக்கிறதா, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் திருநெல்வேலியிலேயே உள்ளதா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது; ஸ்டுடியோவோ அலுவலகமோ ஜிஎஸ்டி பதிவோடு நடத்துகிறவர்கள், தொழிலுக்காக வாங்கும் கணினிக்குத் தங்கள் பதிவு எண்ணோடு பில் கேட்டால் அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை செய்துவிடுங்கள். பிளக் போட்டு, பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைத்து, கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, என்விடியா ஆப்பின் ஓவர்லேயில் (விளையாட்டின் மேலேயே எண்களைக் காட்டும் பட்டை) ஜிபியு எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அரை மணி நேரத்தின் கடைசியில் நிற்கும் எண்தான் நீங்கள் வாங்கிய எண். என் அக்காள் மகன் 95 வாட் கணினியைத்தான் எடுத்தான். பெருமாள்புரத்தில் அவர்கள் வீட்டு மாடி அறையில், மின்விசிறி மட்டும் ஓடும் ஒரு மே மாதப் பிற்பகலில் சோதித்தபோது, அரை மணி நேரம் கழித்து 88 வாட்டும் 82 டிகிரியும் காட்டியது. பின்பக்கத்தின் கீழே இரண்டு மரத்துண்டுகளை வைத்துவிட்டு மறுபடி ஓட்டினான். 92 வாட்டில் நின்றது.